அக்கரைப் பங்காளி

நாலு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் புவெனஸ் ஐரிஸ்காரர்கள் மூட்டை கட்டுவது உருகுவேக்குத்தான். இந்த முறை நானும் கிளம்பினேன். உடன் வந்த தோழி தலைமுறை தலைமுறையாகப் புவெனஸ் ஐரிஸ். “அதெல்லாம் வெளிநாடே இல்லை, எங்க ஊரோட கொல்லைப்புறம்” என்று படகுத்துறையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னதற்கு ஏற்ற மாதிரிதான் இருந்தது குடியேற்றச் சோதனையும். ஒரே வரிசை. இரண்டு நாட்டு அதிகாரிகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் அர்ஜென்டினாவிலிருந்து நம்மை அனுப்பி வைக்கிறார், அடுத்தவர் உருகுவேக்குள் சேர்த்துக்கொள்கிறார். படகில் இன்னும் கால் வைக்கவில்லை, காகிதப்படி நாம் அக்கரையில்!

நடுவில் இருப்பது ரியோ தெ லா பிளாத்தா. அதை ஆறு என்று ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் மனம் வரவில்லை. படகு கடக்கும் இடத்திலேயே சுமார் 50 கிலோமீட்டர் அகலம். கடலில் சேரும் வாயில் 220. பரானா நதி அடித்துக்கொண்டு வரும் வண்டலால் தண்ணீர் பழுப்பாகவே கிடக்கிறது.

படகில் யார் எந்த நாடு என்று கண்டுபிடிக்கப் பாஸ்போர்ட் தேவையில்லை. மாத்தே என்ற அந்தக் கசப்பு இலைத் தேநீரை இரண்டு நாட்டுக்காரர்களும் குடிக்கிறார்கள். அர்ஜென்டினாக்காரர் ஓரிடத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து சாமான்களை எடுத்துப் பரப்பிக் குடிப்பார். உருகுவேக்காரருக்கு வெந்நீர் பிளாஸ்க் இடது அக்குளிலேயே முளைத்திருக்கும். அதே கையில் சுரைக்குடுவை, அதில் உலோகக் குழல். வலது கையால் டிக்கெட் எடுப்பார், பிள்ளையைப் பிடிப்பார், கைகுலுக்குவார், பிளாஸ்க் நழுவாது. இத்தனைக்கும் அந்த இலை உருகுவேயில் விளைவதில்லை, பெரும்பாலும் பிரேசிலிலிருந்து வருகிறது. “காம்பே இல்லாம வெறும் தூளா அரைச்சுக் குடிக்கிறாங்க, இது ஒரு மாத்தேயா?” என்று தோழி முகம் சுளித்தாள். நான் இரண்டையும் குடித்தவன். இரண்டும் கசப்புதான்.

கொலோனியாவில் இறங்கினோம். 1680இல், ஸ்பானியர்களின் புவெனஸ் ஐரிஸுக்கு நேர் எதிரே போர்ச்சுகீசியர்கள் வேண்டுமென்றே கட்டிய ஊர். கள்ளக்கடத்தலுக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது. கைமாறிக் கைமாறி 1777இல் ஒருவழியாக ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய தெருக்களில் கரடுமுரடான கல் பாவியிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் ஓட வாய்க்கால் ஓரத்தில் இல்லை, தெருவின் நடுவில் பள்ளமாக ஓடுகிறது. அழகான ஊர்தான். ஆனால் அழகு என்பதைத் தவிர வேறு வேலை இல்லாத ஊர்களில் எனக்கு அரை நாளுக்கு மேல் இருப்புக் கொள்ளாது. மொண்டேவீடியோவுக்குப் பஸ் ஏறிவிட்டோம்.

தலைநகரில்தான் பங்காளிச் சண்டையின் முழுப் பட்டியல் கிடைத்தது. முதலில் கார்லோஸ் கார்டெல், டேங்கோவின் குரல். உருகுவேயின் தக்குவரெம்போவில் பிறந்தவர் என்பது இவர்கள் கட்சி. இல்லை, பிரான்சின் தூலூஸ் நகரில் பிறந்தவர், பிறப்புச் சான்றிதழே இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. எங்கள் ஊரில் பிறக்காவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் ஊரில் மட்டும் பிறந்திருக்கக் கூடாது என்று வழக்காடுவதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது ‘லா கும்பர்சிதா’. டேங்கோ என்றதும் உலகத்தின் காதில் ஒலிக்கும் மெட்டு அதுதான். போட்டவர் கெரார்தோ மாத்தோஸ் ரொத்ரிகெஸ் என்ற மொண்டேவீடியோ மாணவர். அது முதலில் அரங்கேறிய காபிக்கடை இருந்த இடத்தில் இன்று பலாசியோ சால்வோ நிற்கிறது. 1928இல் எழுந்த அந்தக் கோபுரக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்த தோழி, “எங்க ஊர் பரோலோ கட்டடத்தைக் கட்டினவரும் இதைக் கட்டின இத்தாலியர்தான். முதல்ல எங்களுக்குத்தான் கட்டினார்” என்றாள். பாட்டு விஷயத்தில் அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உருகுவே அதற்குச் சட்டம் போட்டே பண்பாட்டுக் கீதம் என்ற தகுதியைக் கொடுத்துவிட்டது.

உச்சக்கட்டம் சென்டெனாரியோ மைதானம். 1930 ஜூலை 30, முதல் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம், இதே இரண்டு நாடுகள். எந்தப் பந்தில் ஆடுவது என்பதிலேயே தகராறு. கடைசியில் பாதி ஆட்டம் உன் பந்து, பாதி என் பந்து என்று முடிவானது. தங்கள் பந்தில் ஆடி இடைவேளையில் 2-1 என்று முன்னிலையில் இருந்த அர்ஜென்டினா, உருகுவேயின் பந்து வந்ததும் 4-2 என்று தோற்றது. மைதானத்துக்குள்ளேயே கால்பந்து அருங்காட்சியகம் இருக்கிறது. தோழி உள்ளே வரவில்லை. வெயிலாக இருக்கிறதாம். வெயிலுக்குப் பயந்து வெளியே நின்றவளை அன்றுதான் பார்த்தேன்.

ஞாயிறு மாலை தெற்குக் குடியிருப்பான பாரியோ சுர் பக்கம் போனோம். தெருவோரத்தில் அட்டைப்பெட்டிகளைக் கிழித்துப் போட்டுத் தீ மூட்டியிருந்தார்கள். சுற்றிலும் நெட்டையான மத்தளங்கள், தோல் முகம் தீயைப் பார்த்தபடி. நம் ஊரில் பறை காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். இளகிய தோல் விறைப்பேற வேண்டும், அதற்குத்தான். ஒரு பெரியவர் நடுநடுவே விரலால் சுண்டி, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு மறுபடி தீப்பக்கம் திருப்பினார். சில மத்தளங்களின் விளிம்பில் பழுப்பேறிய ரத்தக் கறை. ஒரு கையில் குச்சி, மறு கை வெறுங்கை. வெறுங்கை தாங்கும் வரைதான் தாங்கும்.

இது காந்தோம்பே. மொண்டேவீடியோ துறைமுகத்தில் அடிமைகளாக இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் காப்பாற்றி வைத்திருக்கும் மத்தள இசை. சிக்கோ சிறியது, ஒரே தாளத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். ரெப்பிக்கே குறுக்கே பேசும். பியானோ என்பது நாம் நினைக்கும் பியானோ இல்லை. அடிவயிற்றில் இறங்கும் பெரிய மத்தளம். இந்தத் தாளம் வளர்ந்த ‘மெதியோமுந்தோ’ என்ற கூட்டுக் குடியிருப்பை ராணுவ ஆட்சி 1978 டிசம்பரில் காலி செய்ய வைத்து, பிறகு இடித்தது. வெளியேற்றத்துக்கு முன் அங்கே கடைசியாக மத்தளம் முழங்கிய டிசம்பர் 3ஆம் தேதியைத்தான் இப்போது காந்தோம்பே நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2009இல் யுனெஸ்கோவின் பட்டியலில் டேங்கோ இரண்டு நாட்டின் பேரிலும் ஏறியது. அதே ஆண்டு காந்தோம்பே உருகுவேயின் பேரில் மட்டும்.

தோழிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. “எங்க ஊர் சான் டெல்மோவிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் அடிக்கிறார்களே, ஐயா” என்றாள் பெரியவரிடம்.

அவர் மத்தளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டே, “தெரியும்மா. அங்கே என் தம்பிதான் அடிக்கிறான்” என்றார்.

அதற்கும் அவளிடம் ஏதோ பதில் இருந்திருக்கும். ஐம்பது மத்தளம் சேர்ந்து கிளம்பிய சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

(தொடரும்)