ஆறாவதாய் இருந்த மூதாட்டி

துப்பறியுங் கதைகளைப் படித்தல் தமிழாசிரியனுக்கு அடாத செயல் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். மாணாக்கர் மேசைக்கடியில் ஒளித்துப் படித்த அத்தகைய நூல்களைப் பறித்து அலுமாரியிற் பூட்டி வைத்தவனும் யானே. சென்ற விடுமுறையில் அவ்வலுமாரியை ஒழுங்கு செய்யப் புகுந்து, அங்குக் கிடந்த ஆங்கில நூலொன்றை விளையாட்டாக விரித்தேன். விளக்கை அணைக்க நள்ளிரவாயிற்று. நூலை ஆக்கியவர் அகதா கிறிஸ்ரி அம்மையார் (1890-1976). துப்பறிபவரோ பொலிஸ் பதவியும் கைத்துப்பாக்கியும் இல்லாத மூதாட்டி ஒருவர். மார்ப்பிள் என்பது அவர் பெயர்.

மார்ப்பிள் அம்மையார் மணஞ் செய்யாதவர். சென். மேரி மீட் என்னும் கற்பனைச் சிற்றூரிலே தோட்டம் பேணுவதும், கம்பளி பின்னுவதும், அயலார் நடமாட்டத்தை நோக்கியிருப்பதுமாகக் காலங் கழிப்பவர். அவர் முதன்முதல் தோன்றியது 1927 டிசெம்பரில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் வெளிவந்த ‘செவ்வாயிரவுக் கழகம்’ என்னுஞ் சிறுகதையில். அக்கதையே 1932 இல் நூலாக வந்த ‘பதின்மூன்று புதிர்கள்’ என்னுந் தொகுதியின் முதற் கதை. பின்னர் 12 நாவல்களிலும் அவர் வருகின்றார்.

அம்முதற்கதையின் தொடக்கத்தைக் காண்போம். அம்மையாரின் வீட்டு முன்னறையில் அறுவர் கூடியிருக்கின்றனர். பெறாமகன் முறையான எழுத்தாளர் ஒருவர், ஓவியப்பெண் ஒருத்தி, பாதிரியார், சட்டத்தரணி, ஸ்கொட்லாந்து யார்ட்டில் ஆணையாளராயிருந்து ஓய்வு பெற்றவர், இவர்களோடு வீட்டுக்குரிய அம்மையார். தாம் விடையறிந்த மர்மம் ஒன்றை ஒவ்வொருவருஞ் சொல்ல, ஏனையோர் அவிழ்க்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஓவியப்பெண் தலைகளை எண்ணுகிறாள், ஐவர் என்கிறாள். பின்னல் ஊசியைக் கையிற் கொண்டிருந்த அம்மையார், தம்மை மறந்துவிட்டதைப் புன்முறுவலோடு நினைவூட்டுகிறார். அவர் வீட்டிலேயே அவரை எண்ணாது விட்டார்கள்!

இவ்விடத்தில் நூலை மடித்துவிட்டுச் சற்றுநேரம் இருந்தேன். முப்பது ஆண்டுகளாக இடாப்புக் கூப்பிட்டு வருபவன் யான். பெயரைச் சொன்னால் மறுமொழி கேட்கும். முகம் மட்டும் நினைவுக்கு வராத பிள்ளைகள் எத்தனை பேர்!

நிற்க. ஆணையாளர் சொல்லும் வழக்கு இது. ஜோன்ஸ் என்பவன் மருந்துக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. அவனும் மனைவியும் அவளுக்குத் துணையாயிருந்த மாதும் ஓரிரவு தகரத்திலடைத்த சிங்க இறாலும் ‘ட்ரைபிள்’ என்னும் இனிப்புப் பண்டமும் உண்டனர். மூவரும் நோயுற்றனர், மனைவி இறந்தாள். பழுதான இறாலே காரணம் என்று வைத்தியர் கொண்டார். ஆயின், ஜோன்ஸ் முன்னர்த் தங்கிய விடுதியின் பணிப்பெண், அவன் கடிதமெழுதிய மையொற்றுத்தாளிற் சில சொற்கள் பதிந்திருக்கக் கண்டவள். மனைவியையே முற்றும் நம்பியிருப்பது, அவள் இறந்தபின் செய்யப்போவது, ‘நூறுகளும் ஆயிரங்களும்’ என்றவாறு அவை இருந்தன. பிணத்தைத் தோண்டியெடுத்து ஆராய்ந்தபோது ஆசெனிக் நஞ்சு காணப்பட்டது.

மனைவி விட்டுச் சென்ற பணம் 8,000 பவுண். ஆகவே நூறும் ஆயிரமும் அப்பணமே என்று கேட்டோர் கொண்டனர். ஆயினும் நஞ்சை அவன் எதில் இட்டான் என்பது விளங்கவில்லை. மார்ப்பிள் அம்மையார் மட்டும் வேறு பொருள் கண்டார். ஆங்கிலேயர் அடுக்களையில் ‘நூறுகளும் ஆயிரங்களும்’ என்பது ட்ரைபிளின்மேல் தூவும் வண்ணச் சீனிமணிகளின் பெயர்! நஞ்சு அம்மணிகளிற் கலந்திருந்தது. ஜோன்ஸ் தன் பங்கிலிருந்து அவற்றைச் சுரண்டி ஒதுக்கினான். துணைமாது உடல் மெலிய விரதமிருந்தமையால் ட்ரைபிளைத் தொடவில்லை.

பாம்புக்கும் எள்ளுக்குஞ் சிலேடை பாடிய காளமேகத்தைப் படிப்பிக்கும் எனக்கு இஃது எத்துணை மகிழ்ச்சி தந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. சட்டமும் சமயமும் கற்றோர் ஒரு பொருளோடு அமைந்தனர். மறு பொருளைக் கண்டவர் அடுக்களை அறிந்தவர். இக்கதையைத் தமிழிற் பெயர்க்க முயல்வார் இடர்ப்படுவர் என்பதும் உறுதி. நம் செவிக்கு ஆயிரம் என்பது காசாக ஒலிக்குமேயன்றிச் சீனியாக ஒலியாது. முடிவைச் சொல்லிச் சுவையைக் கெடுத்தீரே என்று நேயர்கள் சினத்தல் கூடும். கோவலன் கதை முடிவை அறிந்துகொண்டே மீண்டும் மீண்டும் படிக்கும் நாம் இதனைப் பொறுக்கலாம்.

சீனிமணிகளைத் தூவியவள் அவ்வீட்டு வேலைக்காரி. அவள் பெயர் கிளாடிஸ். மனைவி இறந்தால் அவளை மணப்பதாக ஜோன்ஸ் வாக்களித்திருந்தான். பின்னர் வேறொருத்திக்காகக் கைவிட்டான். குழந்தை பிறப்பிலேயே இறந்தது. சாகுந் தறுவாயில் அவள் உண்மையைச் சொன்னாள். கதையில் இவையெல்லாம் ஈற்றில் ஓரிரு வரிகளிற் கடந்து போகின்றன. புதிர் அவிழ்ந்ததும் கழகத்தார் வியக்கின்றனர்; கிளாடிஸுக்காக இரங்குபவர் மார்ப்பிள் அம்மையார் மட்டுமே.

அப்பெயரை நூலாசிரியர் மறக்கவில்லையோ, தற்செயலோ, அறியேன். 26 ஆண்டுகள் கழித்து, 1953 இல் வெளிவந்த ‘சட்டைப்பை நிறைய றை தானியம்’ என்னும் நாவலில் மீண்டும் ஒரு கிளாடிஸ் வருகிறாள். இவளும் வேலைக்காரி, இவளையும் ஒருவன் காதல் மொழி கூறி நஞ்சிடும் கருவியாக்குகிறான். செல்வனான வீட்டுத்தலைவன் இறக்கிறான். அவன் மனைவி இறக்கிறாள். கிளாடிஸும் கழுத்து நெரிக்கப்பட்டுத் துணி உலர்த்தும் கொடியருகே கிடக்கிறாள். அவள் மூக்கிலே துணிக்கவ்வி ஒன்று மாட்டப்பட்டிருந்தது. ஆங்கிலக் குழந்தைப் பாட்டொன்றின்படி கொலைகாரன் செய்த கேலி அது.

அம்மையார் செய்தித்தாளிற் படித்துப் புகைவண்டியேறி வருகிறார். செல்வர்களுக்காக வரவில்லை. அநாதை இல்லத்திலிருந்து வந்த கிளாடிஸுக்கு மேசையில் உணவு பரிமாறவும் வெள்ளிப் பாத்திரம் துலக்கவும் பழக்கியவர் அவர். கொன்றதோடு அமையாது அப்பேதையை இழிவுஞ் செய்த அக்கவ்வியை அவரால் பொறுக்க இயலவில்லை. கிறிஸ்ரி அம்மையார் வேலைக்காரப் பெண்களை அழகற்றவராயும் அறிவு குறைந்தவராயும் வரைந்து நகைப்பவர். இந்நூலிலும் அக்குற்றம் உண்டு. இறுதி அத்தியாயத்தில் அந்நகைப்பு இல்லை.

கொலைகாரன் யாரென்பதை இம்முறை யான் கூறேன். வழக்கை முடித்து மார்ப்பிள் அம்மையார் வீடு திரும்புகிறார். அங்கு ஒரு கடிதம் காத்திருக்கிறது. எழுதியவள் கிளாடிஸ். எழுத்து மோசமாயிருந்தமையால் டேன்மீட் என்னும் வீட்டுப்பெயரை டெய்சிமீட் என்று படித்து, தபாற்காரர் வேறொரு வீட்டிற் சேர்த்துவிட்டார். அவ்வீட்டார் ஊரில் இல்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை, உதவவேண்டும் என்று கேட்டிருந்தாள் அப்பெண். தன் காதலனோடு எடுத்த படமொன்றையும் உள்ளே வைத்திருந்தாள். அம்மையார் கண்ணீர் விடுகிறார். பிறகு சினம் எழுகிறது.

அன்றிரவு என் மேசையில் தவணைக் கட்டுரைக் கொப்பிகள் ஓர் அடுக்குக் கிடந்தன. மேலே இருந்த கொப்பியில், ‘எழுத்து விளங்கவில்லை, திரும்ப எழுதுக’ என்று சிவப்பு மையினால் எழுதியிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்கினேன்.