லுக்லாவின் 527 மீட்டர்

நேபாளத்தில் லுக்லா விமான நிலையத்தின் ஓடுபாதை 527 மீட்டர்தான். ஜெட் விமானங்கள் வந்துபோகும் ஊர்களில் இரண்டரை, மூன்று கிலோமீட்டர் என்பது சர்வசாதாரணம். இங்கே ஓடுபாதை முடிகிற இடத்தில் கல்சுவர், அதற்குப் பின்னால் மலை. தொடங்குகிற இடத்திலோ தூத் கோசி ஆற்றின் பள்ளத்தாக்கு. எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் வந்து இறங்குகிறார்கள். விமானம் நின்றதும் சிலர் கைதட்டுவதும் உண்டு. தட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கைதட்டலுக்குரிய வேலையில் பெரும்பகுதி, சக்கரம் தரையைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

எவரெஸ்டில் டென்சிங்குடன் முதன்முதலாக ஏறிய எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியால் 1964-இல் உருவானது இந்த ஓடுபாதை. ஷெர்பா கிராமங்களுக்கு மருத்துவமனை, பள்ளிக்கூடம் கட்டப் பொருள்கள் வந்துசேர ஒரு வழி வேண்டியிருந்தது. சமதளமான வயல்களைத்தான் அவர் முதலில் கேட்டாராம், விவசாயிகள் கொடுக்கவில்லை. மலைச்சரிவுதான் கிடைத்தது. மண்ணை இறுக்க ஷெர்பாக்களுக்கு உள்ளூர்ச் சாராயம் வாங்கிக் கொடுத்து, வரிசையாகக் கைகோத்துக் கால் உதைத்து ஆட வைத்தார் என்று ஒரு கதை உண்டு. தார் போட்டது 2001-இல். டென்சிங்–ஹிலாரி என்று பெயர் சூட்டியது 2008-இல்.

வயல் கிடைக்காமல் போனது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று என்றே சொல்வேன். ஓடுபாதையின் சரிவு ஏறத்தாழ 12 சதவீதம். கீழ்முனையைவிட மேல்முனை சுமார் 60 மீட்டர் உயரம். விமானங்கள் எப்போதும் மேட்டை நோக்கி இறங்கும், பள்ளத்தை நோக்கிக் கிளம்பும். இங்கே வந்துபோகும் ட்வின் ஆட்டர் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தரை தொடும் நேரத்தில் அதன் உண்மையான வேகம் நொடிக்கு 44 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் உள்ள ஆற்றல் முழுவதையும் உயரமாக மாற்றினால் சுமார் 100 மீட்டர் ஏறலாம். ஓடுபாதையோ 60 மீட்டர் ஏறுகிறது. மேம்பாலத்தில் ஏறும்போது மிதிப்பதை நிறுத்திய சைக்கிள்போல, விமானத்தின் ஆற்றலில் பெரும்பங்கை ஏற்றமே தின்றுவிடுகிறது. மீதியை பிரேக்கும், இதழ்களின் கோணத்தைத் திருப்பி எதிர்ப்பக்கம் காற்றைத் தள்ளும் புரொப்பெல்லரும் பார்த்துக்கொள்கின்றன. பாதி வழியில் நின்றுவிட்டால், மேலே நிறுத்துமிடம் வரை போக மறுபடி இன்ஜினுக்கு விசை கொடுக்க வேண்டும்!

ஆனால் மலை ஒரு கையால் கொடுப்பதை மறுகையால் பிடுங்கவும் செய்கிறது. லுக்லா இருக்கும் சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். காக்பிட்டில் உள்ள வேகமானி காற்றின் அழுத்தத்தை வைத்தே வேகத்தைச் சொல்கிறது. அது 75 நாட் என்று காட்டும்போது விமானம் உண்மையில் 86 நாட் வேகத்தில், அதாவது மேலே சொன்ன நொடிக்கு 44 மீட்டர் வேகத்தில், பறந்துகொண்டிருக்கும். நகரும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், கடற்கரை ஊரில் இறங்குவதைவிட முப்பது சதவீதத்துக்கு மேல் அதிக ஆற்றலை இங்கே அடக்கியாக வேண்டும். பயத்தில் விமானி பத்து நாட் கூட்டி வந்தால், இன்னும் கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். குறைத்து வந்தாலோ, இறக்கை தாங்கும் எல்லை நெருங்கிவிடும். அந்த ஓரிரு நாட் இடைவெளிக்குள் ஊசியை நிறுத்தி வைப்பதுதான் கைவேலை.

அடுத்தது கண் செய்யும் துரோகம். மேல்நோக்கிச் சாய்ந்த ஓடுபாதையைத் தூரத்திலிருந்து பார்த்தால், நாம் தேவைக்கு அதிகமான உயரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். அதை நம்பிய விமானி தாழ்ந்து தாழ்ந்து வந்து, ஓடுபாதைக்கு முன்னாலேயே மலையில் மோதக்கூடும். இதற்கு விமானிகளிடம் எளிய உத்தி ஒன்று இருக்கிறது. இறங்க வேண்டிய இடத்தை முன்கண்ணாடியில் குறித்துக்கொள்கிறார்கள். அது கண்ணாடியில் அசையாமல் அதே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால், விமானம் சரியாக அங்கேதான் போய்ச் சேரும். அது மேலே நகர்ந்தால் முன்னதாகவே விழுவோம். கீழே நகர்ந்தால் தாண்டிப் போவோம்.

கடைசி நொடிகளில் மூக்கைத் தூக்குவதிலும் வேறுபாடு உண்டு. சமதள ஓடுபாதையில் சுமார் மூன்று பாகை சரிவில் இறங்கி வரும் விமானம், அந்த மூன்று பாகையை மட்டும் திருத்தினால் போதும். லுக்லாவின் தரை கிட்டத்தட்ட ஏழு பாகை மேல்நோக்கி எழுந்து வருகிறது. ஆக, பத்து பாகை திரும்ப வேண்டும். சீக்கிரம் தூக்கினால் வேகம் போய்த் தொப்பென்று விழும்; தாமதித்தால் மலையில் அறையும்.

இதெல்லாம் ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தால்தான். 2008 அக்டோபர் 8 அன்று ஒரு ட்வின் ஆட்டர் விமானம் கடைசி நேரத்தில் மூடுபனிக்குள் போய், ஓடுபாதையின் தொடக்கத்துக்குச் சற்றுக் கீழே மோதியது. 18 பேர் இறந்தார்கள். விமானி மட்டுமே பிழைத்தார்.

வேறு இடங்களில் சரியாக வரவில்லை என்றால் விசையைக் கூட்டி மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி வரலாம். லுக்லாவில் ஒரு கட்டத்துக்கு மேல் அந்த வசதி கிடையாது. எதிரே நிற்கும் மலையைத் தாண்டும் அளவுக்கு விமானம் ஏறாது. அதனால் இறங்குவதா திரும்புவதா என்ற முடிவை, பள்ளத்தாக்கில் திரும்ப இடம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். நேபாள விமானப் போக்குவரத்து ஆணையம் இங்கே இறங்க எல்லோரையும் விடுவதில்லை. குட்டை ஓடுபாதைகளில் குறைந்தது 100 முறை பறந்திருக்க வேண்டும். அந்நாட்டிலேயே அத்தகைய பறத்தலில் ஓராண்டுக்கு மேல் அனுபவம் வேண்டும். பயிற்றுநரை அருகில் வைத்துக்கொண்டு லுக்லாவுக்கே பத்து முறை வந்துபோயிருக்க வேண்டும்.

முடிவு தாமதமானால் நீண்ட ஓடுபாதையும் குட்டையாகிவிடும். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் இறங்கிய ஒரு விமானத்துக்கு நடந்தது அதுதான். ஓடுபாதை 2,700 மீட்டர். லுக்லாவைப்போல ஐந்து மடங்கு. மழை, பின்காற்று. ஏறத்தாழ பாதி ஓடுபாதை கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி சொல்லியும் தரையிறக்கம் தொடர்ந்தது என்கிறது விசாரணை அறிக்கை. ஓடுபாதை அமைந்திருந்த மேட்டிலிருந்து விமானம் கீழே பாய்ந்து 21 பேர் இறந்தார்கள். பிரேக்கைவிட, கீழே இறங்க மறுக்கும் மனசுதான் பெரிய பாதுகாப்புக் கருவி என்பது என் கட்சி.

லுக்லாவில் அந்த மறுப்பு அன்றாட நடப்பு. வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்கிலிருந்து மலையை நோக்கிக் காற்று கிளம்பும். இறங்கும் விமானத்துக்கு அது பின்காற்று. ஆகவே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்துபோய்விடும். மேகம் கவிந்தால் அதுவும் இல்லை. நாள்கணக்கில் பயணிகள் காத்துக் கிடப்பார்கள். எவரெஸ்ட் பக்கம் போகத் திட்டமிடுகிறவர்கள் போகும்போதும் திரும்பும்போதும் இரண்டு மூன்று நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதை கண்ணில் பட்ட பிறகும் விமானி விமானத்தைத் திருப்பினால், அவருடன் சண்டைக்குப் போகாதீர்கள்.