தோலில் தெரியும் துன்பம்



வாயில்லா உயிர்களை வளர்க்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது, அவை தம் துன்பத்தை எவ்வாறு வெளிப்படுத்துகின்றன என்பதாகும். நாய் ஊளையிடும், பூனை கத்தும். பல்லி இனத்தைச் சேர்ந்த அனோல் என்னும் சிற்றுயிரோ துன்பத்தைக் குரலால் உணர்த்துவதில்லை. 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது பழமொழி. அனோலின் அகமோ அதன் தோலில் தெரிகின்றது. அமெரிக்க நாட்டில் பலர் விரும்பி வளர்க்கும் இப்பிராணியைப் பற்றி அறிந்துகொண்டால், நம் தோட்டத்து ஓணானின் இயல்பும் நமக்கு விளங்கும்.

பச்சை அனோலின் தாயகம் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களாகும். வால் உட்பட அதன் நீளம் 5 முதல் 8 அங்குலம். விரல்களின் அடியிலுள்ள மெல்லிய பட்டைகளின் துணையால் அது வழுவழுப்பான இலையிலும் எளிதில் ஏறும். ஆண் அனோல் தன் தொண்டைக்குக் கீழுள்ள இளஞ்சிவப்புத் தோலை விசிறிபோல் விரித்துத் தன் இடத்திற்கு உரிமை கொண்டாடும். ஊர்வன இனத்திலேயே முதன்முதலாக முழு மரபணுத் தொகுதியும் அறியப்பட்ட உயிர் இதுவே. அவ்வாய்வு 2011ஆம் ஆண்டு வெளிவந்தது.

இலையில் இருந்தால் பச்சையாகவும் மரப்பட்டையில் இருந்தால் பழுப்பாகவும் மாறி அனோல் ஒளிந்துகொள்கிறது என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. அச்சம், சண்டை, குளிர், நோய் ஆகியவை நேரும்போது உடலில் சுரக்கும் சில சுரப்பு நீர்களே அதன் தோலைப் பழுப்பாக்குகின்றன. கலக்கம் மிகும்போது கண்ணுக்குப் பின்னால் கரும்புள்ளி ஒன்றும் தோன்றும். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் பழுப்பாக இருப்பது இயல்பு. வெப்பம் கிடைத்த பின்னரும் நாள் முழுதும் பழுப்பாகவே ஒடுங்கிக் கிடந்தால், அதன் வாழ்விடத்தில் ஏதோ குறை உள்ளது என்று உணர வேண்டும்.

அக்குறைகள் நேராதிருக்க வேண்டுவன யாவை? முதலாவது, இடம். அனோல் மரமேறி; ஆகவே அதன் கூண்டு உயரமாக இருத்தல் வேண்டும். உள்ளே கிளைகளும், மறைந்துகொள்ள அடர்ந்த இலைகளும் தேவை. ஒரே கூண்டில் இரண்டு ஆண்களை விடலாகாது. அவை ஓயாமல் போரிடும்.

இரண்டாவது, வெப்பம். அனோல் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. கூண்டின் ஒருபுறம் ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் மறுபுறம் அதனினும் குளிர்ச்சியும் இருந்தால், அது தனக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்துகொள்ளும். எலும்பு வலுப்பெறப் புற ஊதாக் கதிரும் தேவை. சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். அதற்காகக் கண்ணாடிப் பெட்டியை வெயிலில் வைப்பதோ கொடுமை. உள்ளிருக்கும் உயிர் வெந்துவிடும். ஆதலின் அதற்கெனச் செய்யப்பட்ட விளக்கையே பயன்படுத்துவர்.

மூன்றாவது, நீரும் உணவும். கிண்ணத்தில் அசையாது நிற்கும் நீரைப் பெரும்பாலும் அது நாடாது. இலைமேல் உள்ள நீர்த்துளிகளையே நக்கிக் குடிக்கும். எனவே நாள்தோறும் இலைகளின்மீது நீர் தெளிக்க வேண்டும். அதன் தலையைவிடச் சிறிய, உயிருள்ள பூச்சிகளே உணவு. அப்பூச்சிகள்மீது சுண்ணாம்புச் சத்துத் தூளைத் தூவிக் கொடுப்பர்.

நான்காவது, அமைதி. கையில் பிடித்தவுடன் அது அசையாதிருந்தால் நம்மோடு பழகிவிட்டது என்று பொருளன்று; அச்சத்தாலும் அவ்வாறு இருக்கும். வாலைப் பற்றினால் வால் முறிந்துவிடும். மீண்டும் வளரும் வாலில் எலும்பு இராது, குருத்தெலும்பே இருக்கும். முற்காலத்தில் அமெரிக்க நகரங்களில் இவ்வுயிரை மெல்லிய சங்கிலியால் கட்டி, அணிகலன்போல் ஆடையில் குத்திக்கொண்டனர். நம் சிறுவர்கள் ஓணானின் கழுத்தில் நூலைக் கட்டி இழுப்பதும் இதற்கு ஒப்பான செயலே. நம் பழமரங்களில் வாழும் பச்சை ஓணான் அனோலின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எனினும் அச்சம் கொண்டால் அதுவும் கரும்பழுப்பாக மாறும். அந்நிறத்தைக் கண்டு சிரிப்பது, அழும் குழந்தையைக் கண்டு சிரிப்பதற்கு ஒப்பாகும்.

இன்னும் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்க. ஊர்வனவற்றின் உடலில் நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும்; தொட்டால் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். வளர்த்த அயல்நாட்டு உயிரைக் காட்டிலோ தோட்டத்திலோ விட்டுவிடுதல் கூடாது. கியூபா, பகாமாஸ் தீவுகளுக்குரிய பழுப்பு அனோல் 2012ஆம் ஆண்டு சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டத்தில் காணப்பட்டது. புதிதாகக் குடியேறும் உயிர்கள் அவ்விடத்து உயிர்களின் உணவுக்கும் இடத்திற்கும் போட்டியாகலாம். சிங்கப்பூரில் பல்லி இனங்களை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் தருவதுமில்லை.

மாணவர்களே, ஓர் உயிரை வளர்ப்பதற்கு ஆசை மட்டும் போதாது. அறிவும் பொறுமையும் வேண்டும். கூண்டும் விளக்கும் வாங்க வசதி இல்லையே என்று வருந்தாதீர்கள். வேலியோரத்துப் பச்சை ஓணானைத் தொடாமல், தொலைவில் நின்று கவனியுங்கள். அது எப்போது தலையாட்டுகிறது, எதை உண்கிறது, எந்நேரத்தில் வெயில் காய்கிறது என்று குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அது பச்சையாகவே இருக்குமாயின், உங்களைக் கண்டு அஞ்சவில்லை என்று மகிழுங்கள்.