டிபன் பாக்ஸில் உறுமும் கிதார்!

வீட்டு ரேடியோ கரகரவென்று கத்தினால் உடனே மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறோம். ஆனால் அந்தக் கரகரப்பையே காசு கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பவர்கள்!

மெல்லிசைக் கச்சேரிகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிதார் வாசிப்பவர் நடுவில் காலால் ஒரு சிறு பெட்டியை மிதிப்பார். அதுவரை மணி போல ஒலித்த கிதார், திடீரென்று ரம்பம் மரத்தை அறுப்பது போல உறுமும். கூட்டம் கைதட்டும். அந்தப் பெட்டிக்கு 'டிஸ்டார்ஷன் பெடல்' என்று பெயர். நல்ல ஓசையை வேண்டுமென்றே சிதைப்பதுதான் அதன் வேலை.

கடையில் வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். அதை வீட்டிலேயே செய்து முடித்திருக்கிறார், பெங்களூர் அல்சூரில் வசிக்கும் நம் தமிழ் இளைஞர் ஒருவர். வயது 22. பகலில் மோட்டார் காயில் சுற்றும் வேலை. கோவில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்றால் இரவில் கிதார். அந்தக் கச்சேரிப் பணம்தான் தங்கையின் காலேஜ் பீஸ்.

நண்பரிடம் இரவல் வாங்கிய பெடல் ஒரு நாள் மேடையிலேயே ஊமையாகிவிட்டது. பழுது பார்க்கிறவர் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் பொடிப் பொடி சாமான். கை வைக்க முடியாது" என்று திருப்பிக் கொடுத்தார். குழுவை நடத்துகிறவரோ, "அந்த சவுண்ட் இல்லாமல் சரிப்படாது தம்பி. அடுத்த மாதம் வேறு பையனைப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அடுத்த கச்சேரிக்கு மூன்றே வாரம். கையில் இருந்ததோ சில நூறு ரூபாய்!

பழுதில் பிறந்தது

இந்த உறுமலின் கதையே ஒரு பழுதில் தொடங்கியதுதான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் 'டோன்ட் வொரி' பாட்டு ஒலிப்பதிவானது. கிரேடி மார்ட்டின் பேஸ் கிதார் வாசித்தார். ஒலிப்பதிவு இயந்திரத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் கெட்டுப்போயிருந்ததால், கிதார் ஓசை கரகரத்தது. அதை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். 1961ல் வெளிவந்த அந்தப் பாட்டு பெரிய வெற்றி பெற்றது.

ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி சும்மா இருக்கவில்லை. அதே ஓசையை வரவழைக்க டிரான்சிஸ்டர்களை வைத்து ஒரு சர்க்யூட் உருவாக்கினார். கிப்சன் கம்பெனி அதை 'மேஸ்ட்ரோ பஸ்-டோன்' என்ற பெயரில் 1962ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதலில் அதைச் சீந்துவார் இல்லை. 1965ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாடிஸ்பாக்ஷன்' பாட்டில் அதைப் பயன்படுத்தியதும் ஒரே அடிதடி!

பெட்டி இல்லாமலும் இதே ஓசையை வரவழைத்தவர்கள் உண்டு. 1964ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், தன் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பை பிளேடால் கிழித்துவிட்டு வாசித்தார். அந்தப் பாட்டு இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது.

நம் நாட்டிலும் அந்த நாளில் இந்த மோகம் பரவியது. சிம்லா பீட் போட்டியில் பங்கெடுத்த இளைஞர் குழுக்களின் பாட்டுகள் 1970லும் 1971லும் இசைத்தட்டாக வந்தன. அவற்றில் இந்த உறுமல் கேட்கிறது. வெளிநாட்டுச் சாமான் எளிதில் கிடைக்காத காலம் அது!

எப்படி உறுமுகிறது?

கிதார் கம்பியை மீட்டினால், அதன் கீழுள்ள காந்தச் சுருளில் சிறு மின்சாரம் பிறக்கிறது. ஏறக்குறைய ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. அந்த மின்சாரம் குளத்து அலை போல வழவழப்பாக ஏறி இறங்கும். அதை 200 மடங்கு பெருக்குங்கள். பிறகு அலையின் உச்சியையும் பள்ளத்தையும் கத்தியால் சீவியது போல வெட்டிவிடுங்கள். அவ்வளவுதான்! உருண்டையான அலை சதுரமாகிறது. ஒரு சுரத்தோடு அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு அதிர்வுகளும் சேர்ந்து ஒலிக்கின்றன. அதுதான் அந்தக் கரகரப்பு.

பெருக்குவதற்கு 741 என்ற ஐ.சி. போதும். எட்டுக் கால் உள்ள இந்தச் சிறு பூச்சி 1968 முதல் உலகமெங்கும் விற்பனையில் இருக்கிறது. வெட்டுவதற்கு இரண்டு டையோடுகள். ஒன்றுக்கொன்று தலைகீழாகச் சேர்த்து வைக்க வேண்டும். ஒன்று உச்சியை வெட்டும், மற்றது பள்ளத்தை வெட்டும். சிலிக்கான் டையோடு சுமார் 0.6 வோல்ட்டில் வெட்டும். ஜெர்மானியம் டையோடு 0.3 வோல்ட்டிலேயே மெதுவாக வெட்டத் தொடங்கும். அதனால் அதன் ஓசை சற்று மிருதுவாக இருக்கும்.

எஸ்.பி. ரோடு

அல்சூர் இளைஞர் ஒரு சனிக்கிழமை மாலை எஸ்.பி. ரோடு போனார். பெங்களூரில் ரேடியோ சாமான் வேண்டும் என்றால் எல்லோரும் போகும் இடம் அது. 741 ஒன்று, ஜெர்மானியம் டையோடு இரண்டு, ரெசிஸ்டர், கெபாசிட்டர், இரண்டு வால்யூம் கன்ட்ரோல், இரண்டு ஜாக், காலால் மிதிக்கும் சுவிட்ச், 9 வோல்ட் பாட்டரி. மொத்தச் செலவு 500 ரூபாய்க்குள் முடிந்தது. பெட்டிக்குச் செலவே இல்லை. அம்மாவின் பழைய அலுமினிய டிபன் பாக்ஸ்! உலோகப் பெட்டிக்குள் வைத்தால்தான் டியூப் லைட்டின் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் உள்ளே நுழையாது. மிதித்தால் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்தார்.

ஒரு கன்ட்ரோல் எத்தனை மடங்கு பெருக்குவது என்பதற்கு. மற்றது சத்தத்துக்கு. பாட்டரிக்குத் தனி சுவிட்ச் இல்லை. உள்ளே வரும் பக்கம் ஸ்டீரியோ ஜாக் வைத்து, பாட்டரியின் நெகட்டிவ் ஒயரை அதன் நடு வளையத்தில் இணைத்தார். கிதார் பிளக்கைச் செருகினால் சர்க்யூட் முழுமையாகும். பிடுங்கினால் பாட்டரி ஓய்வெடுக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சால்டரிங் வேலை. மாட்டிப் பார்த்தால் சத்தமே இல்லை!

"எனக்கு அழுகையே வந்துவிட்டது சார். அப்புறம் மீட்டரை எடுத்தேன். 6ஆம் காலில் பாட்டரியில் பாதி, அதாவது நாலரை வோல்ட் இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்பது காட்டியது. அந்தப் பாதியைப் பிரித்துக் கொடுக்க ஒரே அளவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டிருந்தேன். கீழே இருந்ததில் ஈயம் ஒட்டவே இல்லை. மறுபடியும் சூடு காட்டினேன். உறுமியது பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார்!" என்றார் சிரித்துக்கொண்டே.

பாட்டரியில் ஓடுவதால் ஷாக் பயம் இல்லை. ஆனால் சால்டரிங் இரும்பு சுடும். பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

கை வைக்க முடியும்!

விலை குறைவு என்பது மட்டும் இதில் லாபம் இல்லை. கடையில் வாங்கிய பெட்டி கெட்டால் அது வெறும் மூடிய பெட்டி. தானே செய்த பெட்டியில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று செய்தவனுக்குத் தெரியும். மேடையில் நின்றுபோனால் மறுநாள் காலையில் அவனே சரிசெய்துவிடுவான். 'கை வைக்க முடியாது' என்ற பேச்சு அவனிடம் செல்லாது.

மூன்றாவது வாரம் கச்சேரி நடந்தது. டிபன் பாக்ஸும் மேடை ஏறியது. குழுவை நடத்துகிறவர் வேறு பையனைத் தேடவில்லை. ஊமையான அந்த இரவல் பெடலையும் இளைஞர் விடவில்லை. மீட்டரை வைத்துக் காலாகத் தேடியதில், அறுந்துபோன ஓர் ஒயர் அகப்பட்டது. சரிசெய்து நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது வேறு இரண்டு குழுக்காரர்கள் அவரிடம் பெட்டி கேட்டிருக்கிறார்கள். டிபன் பாக்ஸ் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டுமாம்!