மோதாமற் சூடேறும் காற்று

மாரி முற்றி, வாவி நிரம்பி, வயல்கள் அமிழும் நிலை வருங்கால் கல்லாற்றுப் பக்கம் முகத்துவாரத்தை வெட்டிவிடும் வழக்கத்தைக் கல்முனைக் கரையோரத்தார் அறிவர். வெட்டுவாயினூடே பாயும் வெள்ளம் எதிரேறி வரும் கடலைச் சந்திக்கும் இடத்தில், வெள்ளமென்றும் கடலென்றும் வகுக்க முடியாதபடி சுழிகள் நிறைந்த கலங்கற் பரப்பொன்று கிடக்கும். பூமியிலிருந்து சூரியனை நோக்கிச் சுமார் 65,000 கிலோமீற்றர் தூரத்தில் நமது காந்த மண்டலத்தின் எல்லையும், 90,000 கிலோமீற்றர் அளவில் வில்போல் வளைந்த அதிர்ச்சி அலையொன்றும் நிற்க, அவ்விரண்டுக்கும் நடுவே, ‘காந்த உறை’ எனப்படும் அத்தகைய கலங்கற் பிரதேசமொன்று ஓயாது கொந்தளித்துக்கொண்டிருக்கிறது.

அங்கே வந்து மோதுவது, சூரியனிலிருந்து ஓடிவரும் மின்னேற்றத் துகள்களின் பிளாஸ்மாவாகிய சூரியக் காற்று. இப்படி ஒரு காற்று ஒலியின் வேகத்தை விஞ்சி வீசவேண்டுமென்று யூஜின் பார்க்கர் கணித்து எழுதிய கட்டுரையை 1958இல் மதிப்பீட்டாளர் இருவரும் நிராகரிக்கச் சொன்னார்கள். சஞ்சிகையின் ஆசிரியராயிருந்தவரோ லாகூரிற் பிறந்த தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்து உவப்பாயில்லை. எனினும் கணிதத்திற் பிழை காணாமையால், தம் அபிப்பிராயத்தை ஒதுக்கி வைத்து அதைப் பிரசுரித்தார். அவர் பெற்ற நோபல் பரிசைக் காட்டிலும் இச்செய்கையையே நான் பெரிதாக மதிக்கிறேன். 1962இல் வெள்ளிக் கிரகத்தை நோக்கிச் சென்ற மரினர் 2 விண்கலம் பார்க்கரின் கணிப்பை ஐயமற நிலைநாட்டிற்று.

வினாடிக்குச் சுமார் 400 கிலோமீற்றர் வேகத்தில் வரும் அக்காற்று அதிர்ச்சி அலையைக் கடந்தவுடன் வேகங் குன்றி, அடர்த்தி மிகுந்து, ஒரு இலட்சம் பாகையளவில் இருந்த அதன் உஷ்ணம் பல பத்து இலட்சம் பாகைக்கு உயர்கிறது. இங்கேதான் விந்தை இருக்கிறது. நாம் சுவாசிக்கும் வாயுவிலே சூடென்பது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதாற் பரவுவது; சூரியக் காற்றிலோ ஒரு கன சென்ரிமீற்றரில் ஐந்தாறு துகள்களே உள்ளன; ஒரு துகள் மற்றொன்றுடன் மோதுவதற்குள் சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட 15 கோடி கிலோமீற்றரையே கடந்துவிடக்கூடும். ஆகவே, பெருஞ்சுழி உடைந்து சிறுசுழியாகி, சிறுசுழி அதனினுஞ் சிறியதாகி, சக்தி படிப்படியாக இறங்கி வருகிறதென்று கொண்டாலும், நீரிலே உராய்வு செய்து முடிக்கும் கடைசி வேலையை, மோதலே இல்லாத இப்பிளாஸ்மாவில் யார் செய்கிறார்கள் என்ற வினா எழுகிறது.

2015 மார்ச் மாதத்தில் நாஸா ஏவிய நான்கு செய்மதிகள், சிற்சில சமயங்களில் ஏழு கிலோமீற்றர் இடைவெளியில் மட்டுமே அணிவகுத்து, இந்தக் கலங்கலினூடே பாய்ந்தன. அவை கண்டது, சில கிலோமீற்றரே தடிப்புள்ள மின்னோட்டத் தகடொன்றில் எதிரெதிர்த் திசைக் காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி இணைய, இலத்திரன்கள் இருபுறமும் தாரையாய்ப் பீறிடுவதையே. கனத்த புரோத்தன்களோ அந்நிகழ்ச்சியிற் பங்கெடுக்கவேயில்லை. அத்தனை சிறிய இடத்தில், அத்தனை குறுகிய நேரத்தில் அவற்றால் திரும்ப இயலாது. 2018இல் வெளியான இம்முடிவு, சுழிகளின் சக்தி இறுதியில் இலத்திரன்களைச் சேரும் வழிகளுள் ஒன்றைக் காட்டியது. மொத்த உஷ்ணத்தில் இவ்வழியின் பங்கு எவ்வளவு என்பது பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

செங்கோட்டையிற் பிறந்த நிகர் ஷாஜி என்னும் தமிழ் முஸ்லிம் பெண்மணியைத் திட்ட இயக்குநராகக் கொண்ட ஆதித்யா எல்1 விண்கலம், 2023 செப்டெம்பர் 2ஆம் திகதி சிறீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. எட்டே நாளில், பூமியிலிருந்து 50,000 கிலோமீற்றருக்கு அப்பால், அதிலுள்ள துகளளக்கும் கருவி வேலையை ஆரம்பித்தது. கலம் காந்த உறையையும் கடந்து, 2024 ஜனவரி 6இல், 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள எல்1 என்னும் நிலையைச் சுற்றும் பாதையை அடைந்தது. அங்கே அது அளக்கும் காற்று சுமார் ஒரு மணி நேரத்தின் பின் நம்மை வந்தடையும்; ஆனால் நமது காந்த மண்டலத்தைத் தொடுவது அதே காற்றன்று, இடைப்பட்ட கொந்தளிப்பினாற் சூடாகி உருமாறிய காற்று. இதை மறந்துவிட்டு, அங்கே அளந்ததை இங்கே நிகழப்போவதாகவே கொள்வது அவசரமென்பேன்.

2024 மே 10, 11ஆம் திகதிகளில் வந்த சூரியப் புயல் காந்த எல்லையை வெகுவாக அமுக்கவே, வழக்கமாக அதற்குள்ளே பத்திரமாயிருக்கும், 36,000 கிலோமீற்றர் உயரத்துச் செய்மதிகளின் பாதைவரை காந்த உறை இறங்கி வந்தது. கல்முனை காந்த மத்திய கோட்டுக்கு மிக அண்மையிலிருப்பதால், இங்கே காந்தக் கோடுகள் தரைக்குக் கிட்டத்தட்டச் சமாந்தரமாகவே ஓடுகின்றன. புயற்காலத்திற் பூமியைச் சூழ்ந்தோடும் மின்னோட்டம் அக்கிடைப் பலத்தைக் குறைக்கிறது. இத்தகைய தாழ்ந்த அகலக்கோட்டுப் பிரதேசங்களில் நிகழும் அக்குறைவையே விஞ்ஞானிகள் புயலின் அளவாகக் கொள்கின்றனர். அந்த மே மாதத்தில் அது 400 நனோதெஸ்லாவை, அதாவது நம் பகுதியிலுள்ள பலத்தில் சுமார் நூற்றிலொரு பங்கை, எட்டிற்று.