தலைச்சன் பிள்ளைக்கு மூளை அதிகமா?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தங்கள் உழைப்பால் மட்டுமே இடம் கிடைத்ததாக நம்பும் மாணவர்களிடம், தத்துவப் பேராசிரியர் மைக்கேல் சாண்டெல் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: "உங்களில் எத்தனை பேர் வீட்டுக்கு மூத்த பிள்ளை?" 100-க்கு 75 முதல் 80 பேர் கை தூக்குகிறார்கள்.

கடைக்குட்டிகள் மனம் தளர வேண்டாம். முதலில் ஒரு கணக்கு. 100 குடும்பங்களை வைத்துக்கொள்வோம். 30 வீடுகளில் ஒரே பிள்ளை, 50 வீடுகளில் இரண்டு, 20 வீடுகளில் மூன்று. மொத்தம் 190 பிள்ளைகளில் மூத்தவர்கள் 100 பேர். பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் மூத்தது என்று ஒன்று உண்டு. மூன்றாவது எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. சீட்டுக் குலுக்கி ஆள் சேர்த்தாலே பாதிக்கு மேல் மூத்தவர்கள்தான் வருவார்கள். அமெரிக்காவில் படித்த, வசதியான பெற்றோருக்குப் பிள்ளைகளும் குறைவு. ஆகவே கல்லூரி வகுப்பில் தலை எண்ணி அறிவை அளக்க முடியாது.

அதற்காக எல்லாமே எண்ணிக்கை மயக்கம் என்றும் தள்ளிவிட முடியாது. நார்வேயில் ராணுவ ஆள்சேர்ப்பின்போது 18, 19 வயது இளைஞர்களுக்கு அறிவுத்திறன் தேர்வு நடக்கும். கிறிஸ்டென்சென், பியர்கெடால் என்ற இருவர் 2,40,000-க்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டாமவரைவிட மூத்தவருக்குச் சராசரியாக 2.3 ஐ.க்யூ. புள்ளிகள் அதிகம்.

அந்த ஆய்வில் என்னை நெகிழவைத்தது வேறொன்று. மூத்த குழந்தை சிசுவாகவே இறந்துபோக, இரண்டாவதாகப் பிறந்தும் மூத்தவராக வளர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களின் மதிப்பெண் தலைச்சன் பிள்ளைகளின் அளவுக்கே இருந்தது. அப்படியானால் காரணம் கருவறையில் இல்லை, வளர்ந்த வீட்டில் இருக்கிறது. தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மூத்தவரின் அறிவும் தீட்டப்படுகிறது என்பது உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் முன்வைத்த விளக்கம். பெற்றோரின் முழுக் கவனமும் சில காலம் மூத்த பிள்ளைக்கு மட்டுமே கிடைப்பதைச் சுட்டுவோரும் உண்டு.

ஆனால் இது எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி அல்ல. இந்தோனேசியாவில் சுமார் 11,000 பேரை வைத்து, ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒப்பிட்ட 2021 ஆய்வில், பிறந்த வரிசைக்கும் அறிவுத்திறனுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு தென்படவில்லை.

வேறுபாடு தெரியும் நாடுகளிலும் அது எவ்வளவு சிறியது என்பதை, 'அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்' என்று சொல்லும் பெற்றோர் அறிய வேண்டும். ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் தரவுகளை அலசிய 2015 ஆய்வின்படி, இரண்டு பிள்ளைகள் உள்ள 10 வீடுகளில் மூத்தவர் முந்துவது ஏறத்தாழ 6 வீடுகளில். மற்ற 4 வீடுகளில் இளையவர்தான் முன்னால் நிற்கிறார்.