வானொளியை வடிகட்டும் கண்ணாடி இழை

இரவு வானம் இருண்டது என்று நாம் நினைக்கிறோம். அகச்சிவப்புக் கதிர்களைக் காணும் தொலைநோக்கிக்கு அது அப்படித் தெரிவதில்லை. தரையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் இரவு முழுவதும் ஒளிர்கின்றன. தொலைதூர விண்மீன் மண்டலங்களின் மங்கலான ஒளி அந்த ஒளிர்வில் மூழ்கிவிடுகிறது. நல்லவேளையாக, ஹைட்ராக்சில் குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும், மெல்லிய கோடுகளாக ஒளிர்கிறது. அந்தக் கோடுகளை நீக்கினால் இடையிலுள்ள இருள் நமக்குக் கிடைக்கும்.

எப்படி நீக்குவது? அதற்கான வழி 1978ஆம் ஆண்டில் எதிர்பாராமல் கிடைத்தது. கனடாவின் ஒட்டாவா நகரில் கென் ஹில்லும் அவருடைய குழுவினரும் ஓர் ஒளியிழைக்குள் லேசர் ஒளியைச் செலுத்தினர். நேரம் செல்லச் செல்ல, இழை மேலும் மேலும் ஒளியைத் திருப்பி அனுப்பியது. ஒளியே கண்ணாடியின் தன்மையை மாற்றியிருந்தது!

இன்று இம்மாற்றத்தை வேண்டுமென்றே செய்கிறார்கள். நுண்ணிய வரிப்பள்ளங்கள் கொண்ட தகட்டின் வழியாகப் புறஊதா ஒளியை இழையின் பக்கவாட்டில் பாய்ச்சுகிறார்கள். வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வரிகளாக விழுகின்றன. வெளிச்சம் பட்ட இடங்களில் மட்டும், ஒளி இனிமேல் சற்று மெதுவாகச் செல்லும். இவ்வரிகளின் தொகுப்பே பிராக் கீற்றணி. ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் 18,000க்கும் மேற்பட்ட வரிகள் இருக்கலாம். ஒவ்வொரு வரியும் மிகச் சிறிதளவு ஒளியையே பிரதிபலிக்கிறது. ஆனால், ஒரே ஓர் அலைநீளத்திற்கு மட்டும் அத்தனை சிறு பிரதிபலிப்புகளும் ஒன்றுசேர்கின்றன. அந்த ஒளி திரும்பிவிடுகிறது. மற்றவை தடையின்றிக் கடந்து செல்கின்றன.

2011இல் ஆஸ்திரேலியாவில் ஆங்கிலோ-ஆஸ்திரேலியத் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட ‘நோசிஸ்’ என்னும் கருவி, இம்முறையில் 103 வானொளிக் கோடுகளை அடக்கியது. தொலைநோக்கியில் சேரும் ஒளி ஒரே மெல்லிய இழைக்குள் அடங்காது. எனவே, அதில் 7 தொகுதிகள், தொகுதிக்கு 19 இழைகள் என ஒளியைப் பிரித்தனர். 133 இழைகளிலும் கீற்றணி வேண்டும். எவ்வளவு பெரிய வேலை!

ஒரே இழைக்குள் ஒளி செல்லும் பாதைகள் பல இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் வரிகளைப் பதிக்கலாமே? இப்பாதைகளை உள்ளகங்கள் என்பார்கள். யோசனை எளிது, செயல் எளிதன்று. கண்ணாடிக் குவளை நீரில் நிற்கும் பென்சில் பெருத்துத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். உருண்டையான இழையும் அதுபோல வில்லையாகிப் புறஊதா ஒளியை வளைக்கிறது. சில உள்ளகங்களுக்கு ஒளி மிகுதியாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் கிடைக்கிறது. மிகுதியாகப் பெற்ற உள்ளகம் சற்று வேறான அலைநீளத்தைத் திருப்பிவிடும். வானொளிக் கோடு மிக மெல்லியது என்பதால், இந்தச் சிறு பிழையே போதும். அது தப்பி உள்ளே நுழைந்துவிடும்.

2014இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த தீர்வு வியப்பூட்டும் அளவுக்கு எளியது. ஒரு பக்கம் தட்டையாகத் தேய்க்கப்பட்ட நுண்ணிய கண்ணாடிக் குழாய்க்குள் இழையை நுழைத்தார்கள். புறஊதா ஒளி இப்போது வளைந்த பரப்புக்குப் பதிலாகத் தட்டையான பரப்பில் விழுந்தது. உள்ளகங்களுக்கு இடையிலான வேறுபாடும் வெகுவாகக் குறைந்தது.